சாடிப் பயிர்களும் வன்னீரும்

சாடியில் நட்ட தேசிக் கன்றோ ரோசாச் செடியோ முதலிற் செழிப்பாக வளர்ந்து, சில மாதங்களின் பின்னர் காரணந் தெரியாமல் வெளிறத் தொடங்குவதை யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். துளிர் இலைகள் மஞ்சளாகும். அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கும். பசளை போதவில்லை என்று எண்ணிப் பசளை இடுவீர்கள். செடி தேறாது. மீண்டும் இடுவீர்கள். இம்முறை இலைகளின் நுனியும் ஓரமும் கருகும்.

இங்கே குறைவாயிருப்பது பெரும்பாலும் பசளையன்று. சாடியில் இருக்கும் உணவைச் செடி எடுத்துக்கொள்ள விடாமல் தடுப்பது, நீங்கள் நாள்தோறும் ஊற்றும் கிணற்று நீரேயாகும். இதனை அறியாது மேலும் மேலும் பசளை இடுவதால் பணம் வீணாகிறது. கன்றுகளை விற்று வாழும் குடும்பத்தின் வருவாய் குறைகிறது. எஞ்சிய பசளை நிலத்தினூடாக இறங்கி, குடிக்கும் கிணற்றையே சென்றடைகிறது. ஆதலால் நீரின் இயல்பை அறிந்து பசளையிடும் முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

வன்னீர் என்பது யாது?

குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக் கற்பாறை. மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு சிறிதளவு புளிப்புத்தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. இவ்வாறு கல்சியமும் மகனீசியமும் மிகுதியாகக் கரைந்துள்ள நீரையே வன்னீர் என்கிறோம்.

நீரின் வன்மை, ஓர் இலீற்றரில் எத்தனை மில்லிகிராம் கல்சியங் காபனேற்றுக்குச் சமமான உப்பு உண்டு என்ற கணக்கிற் கூறப்படும். 60 மில்லிகிராமுக்குக் குறைந்தது மென்னீர். 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டது மிகவும் வன்மையான நீர்.

வன்மை இருவகைப்படும். கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் இருகாபனேற்றுகளால் உண்டாவது தற்காலிக வன்மை. நீரைக் கொதிக்கவைத்தால் இது பெரும்பாலும் நீங்கும். கேத்தலின் அடியிற் காணும் வெண்படை இவ்வாறு பிரிந்த சுண்ணாம்பே. சல்பேற்றுகளாலும் குளோரைட்டுகளாலும் உண்டாவது நிலையான வன்மை. இது கொதித்தாலும் நீங்காது. சாடிப் பயிருக்கு அதிகந் தொல்லை தருவது தற்காலிக வன்மையுடன் வரும் இருகாபனேற்றாகும்.

வன்னீரும் சவர்த் தண்ணீரும் ஒன்றல்ல என்பதையும் மனதிற் கொள்க. சவர்த் தண்ணீரில் மிகுந்திருப்பது கறியுப்பு. கடற்கரையை அண்டிய கிணறுகளில் இரண்டுங் கலந்திருத்தல் கூடும். நாவிற்கு உப்புக் கரிக்கும் நீரைச் சாடிகளுக்கு ஊற்றாதிருப்பதே நன்று. கீழே கூறப்படும் முறைகளால் உப்பு நீங்காது.

நிலத்துப் பயிருக்கு ஆகும் நீர் சாடிக்கு ஏன் ஆகாது?

இதே கிணற்று நீரைக் கொண்டுதான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகின்றன. அங்ஙனமிருக்கச் சாடிக்கு மட்டும் அது தீங்காவது ஏன் என்று நீங்கள் வினவலாம்.

நிலத்திலே வேர் பரந்து ஓடும். ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை மண்ணைக் கழுவிவிடும். சாடியோ சிறியதொரு பாத்திரம். ஊற்றிய நீரிற் பெரும்பகுதி இலைகளினூடாகவும் மண்ணின் மேற்புறத்தாலும் ஆவியாகிப் போகிறது. அதிற் கரைந்திருந்தவை பின்தங்குகின்றன. தாழ்வாரத்தின் கீழே வைத்த சாடிக்கு மழையின் கழுவலுங் கிடைப்பதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். இலீற்றருக்கு 300 மில்லிகிராம் தற்காலிக வன்மையுள்ள நீரில் நாளொன்றுக்கு ஓர் இலீற்றர் ஊற்றுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். மாதத்திற் சாடிக்குட் செல்லும் சுண்ணாம்பு 9 கிராம். ஓர் ஆண்டில் அது ஏறக்குறைய 110 கிராம். நீங்கள் கைநிறையச் சுண்ணாம்பை எடுத்துச் சாடியில் இடமாட்டீர்கள். ஆனால் வாளியால் அதனையே செய்துவருகிறீர்கள்.

வன்னீர் செய்யும் தீங்கு

சாடிக் கலவையின் பீ.எச். பெறுமானம் 5.5 முதல் 6.5 வரை இருக்கும்போது பெரும்பாலான செடிகளுக்கு உணவுச் சத்துக்கள் இலகுவிற் கிடைக்கும். சுண்ணாம்பு சேரச் சேர இப்பெறுமானம் 7ஐக் கடந்து 8ஐ நெருங்குகிறது. அப்பொழுது இரும்பு, நாகம், மங்கனீசு ஆகியன கரையாத வடிவத்தை அடைகின்றன. பொசுபரசும் கல்சியத்துடன் சேர்ந்து இறுகிவிடுகிறது. இவை யாவும் சாடியில் உள்ளன. ஆயினும் வேருக்கு எட்டுவதில்லை. பத்தாயம் நிறைய நெல்லிருந்தும் திறப்பு இல்லாத வீட்டின் நிலையே செடியின் நிலையாகும்.

அறிகுறிகள்

செடியின் எப்பகுதி முதலில் மஞ்சளாகிறது என்பதை உற்று நோக்குங்கள்.

இளந் துளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் பச்சையாய் நின்றால், அது இரும்பு கிடையாமையின் அறிகுறி. வன்னீரால் விளையும் நோய் பெரும்பாலும் இதுவே.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளானால், அது நைதரசன் குறைவு. இதற்குப் பசளை இடுதல் தகும்.

இலை நுனியும் ஓரமும் கருகினால், சாடியில் உப்பு மிகுந்துவிட்டது. பசளை மிகையாகவோ நீர் சவராகவோ இருத்தல் கூடும்.

மண்சாடியின் வெளிப்புறத்திலும் விளிம்பிலும், மண்ணின் மேற்பரப்பிலும் வெண்படை படிந்திருத்தல், உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்துவருகின்றன என்பதற்குச் சான்று.

அடியில் நீர் தேங்கி வேர் அழுகினாலும் துளிர் வெளிறுவதுண்டு. ஆதலால் சாடியின் வடிதுளை அடைபட்டுள்ளதா என்பதையும் முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீரைச் சோதித்தல்

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரே அளவான இரு போத்தல்களை எடுங்கள். ஒன்றில் மழைநீரையும் மற்றதிற் கிணற்று நீரையும் அரைப்பங்கு நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலை இட்டு நன்றாகக் குலுக்குங்கள். மழைநீர் நுரைத்து நிற்கும். வன்னீரில் நுரை எழாது. வெண்ணிறக் கசடே மிதக்கும். இதற்குச் சவர்க்காரக் கட்டியையே பயன்படுத்துக. உடுப்புத் தோய்க்கும் தூள் வன்னீரிலும் நுரைக்குமாதலால் அது உதவாது.

கன்றுகளை விற்பனைக்கு வளர்ப்போர் இச்சோதனையோடு நின்றுவிடாது, நீரின் வன்மை, காரத்தன்மை, உப்பு ஆகியவற்றை ஆய்வுகூடத்தில் அளந்து அறிதல் வேண்டும். மாரியின் முடிவிலும் கோடையின் கடைசியிலும் ஒரே கிணற்று நீரின் தன்மை வேறுபடக்கூடும்.

மழைநீரே முதன் மருந்து

மழைநீரிற் சுண்ணாம்பு இல்லை. எனவே அதனைச் சேமித்தலே யாவற்றிலும் சிறந்த வழி. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் இலீற்றர் நீர் கிடைக்கும். 25 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்யின் 1250 இலீற்றர். இழப்பாக ஐந்திலொரு பங்கைக் கழித்தாலும் 1000 இலீற்றர் எஞ்சும்.

இந்நீரை எல்லாச் செடிகளுக்கும் ஊற்றி விரைவில் தீர்த்துவிடாதீர்கள். வன்னீரைத் தாங்காத செடிகளுக்கு மட்டும், கிணற்று நீருடன் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். 300 மில்லிகிராம் வன்மை 150 ஆகக் குறைந்துவிடும். இருபது சாடிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு அரை இலீற்றர் மழைநீர் வீதம் செலவிட்டால், 1000 இலீற்றர் நூறு நாட்களுக்குப் போதுமானது.

நீண்ட வெயிலின் பின் பெய்யும் முதல் மழையிற் கூரையின் தூசும் எச்சமும் கழுவப்பட்டு வருமாதலால், அதனை வெளியே விட்டுவிடுக. தொட்டியையும் பீப்பாவையும் இடைவெளியின்றி மூடி வைத்தல் இன்றியமையாதது. திறந்த நீரில் நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சலைப் பரப்பும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வரும். ஆகவே அதனைச் சில முறை நீர் நிரப்பி வெளியேற்றிய பின்னரே மழைநீரைச் சேமிக்க வேண்டும்.

கிணற்று நீரைத் திருத்தும் முறைகள்

கொதிக்கவைத்தல்: நீரைச் சில நிமிடங்கள் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியிற் படிந்த வெண்படை கலங்காதவாறு மேல்நீரை வடித்தெடுக்கலாம். இரண்டொரு சாடிகளுக்கு இது பொருந்தும். விறகுச் செலவை நோக்கின் பல சாடிகளுக்குப் பொருந்தாது.

புளிப்புச் சேர்த்தல்: பானங்களிற் சேர்க்கும் புளிப்புத் தூளாகிய சித்திரிக்கமிலத்தில் 3 கிராமை, மேலே கூறிய 300 மில்லிகிராம் வன்மையுள்ள 10 இலீற்றர் நீரிற் கரைத்தால், இருகாபனேற்றின் பெரும்பகுதி அழிந்துவிடும். ஏறக்குறைய 60 மில்லிலீற்றர் தேசிப்புளியும் இவ்வேலையைச் செய்யும். ஆயினும் இதனை முழு மருந்தாகக் கொள்ளலாகாது. இப்புளிப்பு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாற் சிதைக்கப்படும்போது இருகாபனேற்று மீண்டும் தோன்றும். பசளை கரைப்பதற்கும் இலைகளில் விசிறுவதற்குமான நீரைத் திருத்தவே இது பெரிதும் ஏற்றது.

மின்கல அமிலத்தை எக்காரணங் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அது கண்ணையும் தோலையும் எரிக்கும். பழைய மின்கலத்தின் அமிலத்தில் ஈய நஞ்சும் உண்டு.

பயனற்ற முறைகள் சிலவற்றையும் கூறுதல் வேண்டும். நீரை இரவு முழுவதும் வாளியில் வைப்பதால் வன்மை நீங்காது. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும். கரைந்த சுண்ணாம்பை அகற்றாது. சலவைச் சோடாவும், சோடியத்தைக் கொண்டு நீரை மென்மையாக்கும் கருவிகளும் துணி தோய்ப்பதற்கு உதவுமெனினும், கல்சியத்திற்குப் பதிலாகச் சோடியத்தை நீரிற் சேர்ப்பதால் செடிகளுக்குத் தீங்கே செய்யும். குடிநீரைச் சவ்வினூடாகச் செலுத்திச் சுத்திகரிக்கும் நிலையங்களிலிருந்து கழிவாக வெளியேறும் நீரில் உப்பும் வன்மையும் முன்னிலும் செறிந்திருக்கும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதனைச் சாடிகளுக்கு ஊற்றலாகாது.

சாடியும் கலவையும்

சாடியின் அடியில் வடிகாலுக்காகச் சுண்ணாம்புக் கற்றுண்டுகளை இடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். செங்கல் உடைவோ கருங்கற் சல்லியோ இடுக. சிப்பித் துண்டுகள் கலந்த கடற்கரை மணலும் ஆகாது. புதிய சீமெந்துச் சாடியைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றிய பின்னர் பயன்படுத்துக.

செம்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தென்னந் தும்புத்தூள் ஒரு பங்கு சேர்ந்த கலவை நல்லது. தும்புத்தூள் சிறிது புளிப்புத்தன்மை உடையது. ஈரத்தையும் பிடித்து வைக்கும். அதில் இயற்கையாகவே உப்பு இருத்தல் கூடுமாதலால், மழைநீரிலோ நன்னீரிலோ இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து சேர்த்தல் வேண்டும்.

பசளையிடும் முறை

வன்னீருக்கு ஏற்ற நைதரசன் பசளை அமோனியம் சல்பேற்றாகும். அதில் நூற்றுக்கு 21 பங்கு நைதரசன் உண்டு. அது மண்ணில் மாற்றமடையும்போது புளிப்பை உண்டாக்கும். ஒரு கிராம் அமோனியம் சல்பேற்று ஏறக்குறைய 1.1 கிராம் சுண்ணாம்பை ஈடுசெய்ய வல்லது. வேரூன்றி வளர்ந்த செடியுள்ள நடுத்தரச் சாடிக்கு, ஓர் இலீற்றர் நீரில் ஒரு கிராம் கரைத்து, வாரம் ஒருமுறை ஈரமான மண்ணில் ஊற்றுக. மாதத்திற் சேரும் 9 கிராம் சுண்ணாம்பிற் பாதியளவை இதுவே ஈடுசெய்யும். மீதியை மழைநீர் கலத்தலாற் சமாளிக்கலாம். நேரம் மிச்சமாகும் என்று மாதத்துக்குரியதை ஒரே தடவையில் இட்டால் வேர் கருகும். இளம் நாற்றுகளுக்கு இவ்வளவிற் பாதியே போதும்.

பசளையை மண்ணின் மேல் தூவி விடலாகாது. சுண்ணாம்பு படிந்த மண்ணின் மேற்கிடக்கும் அமோனியம் சல்பேற்றிலிருந்தும் யூரியாவிலிருந்தும் நைதரசன் அமோனியா வாயுவாகிக் காற்றிற் கலந்து போகும்.

பொசுபரசுப் பசளையை வன்னீரிற் கரைத்தால் நீர் பால்போல வெளுத்து அடியில் வண்டல் படிவதைக் காண்பீர்கள். கல்சியத்தோடு சேர்ந்து பசளை வீணாகிறது என்பதே இதன் பொருள். ஆகவே கரையும் பசளைகளை மழைநீரிலோ, முன்னர் கூறியவாறு புளிப்புச் சேர்த்துத் திருத்திய நீரிலோ கரைத்து, அன்றே பயன்படுத்துக. எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று ஈரவலயத்தின் புளிப்பு மண்ணிற் கரைந்து பயன் தரும். சுண்ணாம்பு மிகுந்த சாடியில் அது கரையாது கிடக்கும்.

அடுப்புச் சாம்பல், முட்டைக்கோதுத் தூள், தொலமைற்று என்பவற்றை வன்னீர் ஊற்றும் சாடிகளில் இடாதீர்கள். புளிப்பு மண்ணுள்ள மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் இவை நன்மை செய்யும். இங்கோ இருக்கின்ற குறையைப் பெருக்கும்.

வெளிறிய செடிக்கு இரும்பு ஊட்டல்

முன்னரே வெளிறிவிட்ட செடிக்கு இரும்பை இலை வழியாக ஊட்டலாம். ஓர் இலீற்றர் மழைநீரில் முதலில் ஒரு கிராம் சித்திரிக்கமிலத்தையும், பின்னர் 2 முதல் 3 கிராம் அன்னபேதியையும் கரைத்து, மாலை வேளையில் இலைகளின் இருபுறமும் நனையுமாறு விசிறுக. முதலில் ஓரிரு இலைகளில் விசிறிப் பார்த்து, இரண்டு நாட்களில் தீய்வு காணாவிடின் முழுச் செடிக்கும் விசிறலாம். பத்து அல்லது பதினைந்து நாட்களின் பின் மறுமுறை செய்க. புதிய துளிர் பச்சையாய் வருவதே வெற்றியின் அடையாளம்; முன்னரே முற்றிய மஞ்சள் இலைகள் முழுதும் தேறாமற் போகலாம்.

அன்னபேதியைத் திருத்தாத வன்னீரிற் கரைத்தால் அது துருநிறமாகிப் படிந்துவிடும். வன்னீர் ஊற்றும் சாடியின் மண்ணில் இட்டாலும் விரைவில் அவ்வாறே ஆகும். மண்ணில் இடுவதாயின் கீலேற்று வடிவிலுள்ள இரும்பையே வாங்குதல் வேண்டும். அதிலும் இ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்புள்ள கலவையில் நிலைத்து நிற்பதில்லை, இ.டி.டி.எச்.ஏ. வகையே நிலைக்கும். விலை அதிகமாதலால் பெறுமதியான தாய்ச்செடிகளுக்கும் ஒட்டுக் கன்றுகளுக்கும் மட்டும் பயன்படுத்துக.

நீர் ஊற்றலும் கழுவி விடுதலும்

சிறிது சிறிதாகப் பலமுறை மேல்மண்ணை மட்டும் நனைப்பதால் உப்பு மேலேயே சேரும். சாடியின் அடித்துளையாற் சிறிதளவு வடியும் வரை ஒரே முறையில் ஊற்றுக. கீழே வைத்த தட்டில் நிற்கும் நீரை அகற்றிவிடுக. ஓக்கிட்டு, அந்தூரியம் ஆகியவற்றின் இலைகள் மீது வன்னீர் பட்டால் வெண்புள்ளிகள் நிற்கும். அவற்றை மழைநீரில் நனைத்த துணியால் துடைக்கலாம்.

உப்பு மிகுந்து இலை கருகிய சாடிக்கு, அதன் கொள்ளளவைப்போல் இருமடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுக. இதனாற் கரையும் உப்புக்கள் வெளியேறும். படிந்துவிட்ட சுண்ணாம்போ இவ்வாறு போகாது. ஆகவே மெல்லியல்புள்ள செடிகளின் கலவையை ஆண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று. மாரி தொடங்கும் காலம் இதற்கு ஏற்றது.

மாரி மழையிற் சாடிகளைத் திறந்த வெளியில் வைத்தால் இயற்கையே அவற்றைக் கழுவித் தரும். மழைக்கு முந்திய நாட்களிற் பசளை இடாதீர்கள். இட்ட நைதரசன் கழுவப்பட்டு, வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புப் பாறையினூடாக விரைவாக நிலத்தடி நீரை அடையும். குடாநாட்டிற் செறிவாகப் பயிர் செய்யப்படும் பகுதிகளிலுள்ள பல கிணறுகளில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை நைத்திரேற்று கடந்துள்ளதென ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. சில சாடிகளின் பங்கு சிறிதேயெனினும், நூற்றுக்கணக்கான கன்றுகளை வளர்க்கும் நாற்றுமேடையின் பங்கு சிறிதன்று. சாடிகளைக் கிணற்றுக் கட்டைச் சுற்றி வைக்காதீர்கள். வடியும் நீர் வாழையடிக்கோ வேறு பயிருக்கோ செல்லுமாறு வாய்க்கால் அமைக்கவும்.

செடிகளைத் தெரிந்தெடுத்தல்

காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, கற்றாழை, மாதுளை என்பன வன்னீரை ஓரளவு தாங்கும். தேசி, தோடை, ரோசா, வெட்சி, செவ்வரத்தை என்பன விரைவில் வெளிறும். அந்தூரியம், ஓக்கிட்டு, பன்னம் ஆகியவற்றுக்கு மழைநீர் இன்றியமையாதது. மழைநீர் சேமிக்க வசதியில்லாதோர் முதல் வகையையே பெரும்பாலும் வளர்த்தல் புத்தி.

நினைவில் வைக்க வேண்டியவை

1. துளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாய் நின்றால், பசளைப் பையைத் திறக்குமுன் நீரைச் சோதியுங்கள்.

2. மழைநீரை மூடிய தொட்டியிற் சேமித்து, மெல்லியல்புள்ள செடிகளுக்குக் கிணற்று நீருடன் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

3. அமோனியம் சல்பேற்றைச் சிறு அளவில், நீரிற் கரைத்து, வாரம் ஒருமுறை இடுங்கள்.

4. சாம்பல், முட்டைக்கோது, தொலமைற்று, சுண்ணாம்புக் கல் ஆகியவற்றைச் சாடியில் இடாதீர்கள்.

5. பொசுபரசுப் பசளையையும் அன்னபேதியையும் திருத்தாத வன்னீரிற் கரைக்காதீர்கள்.

6. மழைக்கு முன் பசளையிட்டுக் கிணற்றைக் கெடுக்காதீர்கள்.

உங்கள் செடியின் வெளிறலுக்குக் காரணம் எதுவென்பதில் ஐயமிருப்பின், நோயுற்ற கிளையொன்றையும் ஒரு போத்தல் கிணற்று நீரையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுங்கள்.